22 பேர், 14 வகை, இரண்டு அடுப்பு

கேள்வி: பண்டிகை இரவுச் சாப்பாட்டுக்கு இந்த வருடமும் எங்கள் வீட்டில்தான் எல்லோரும் கூடுகிறார்கள். பெரியவர்கள் 16, குழந்தைகள் 6. போன வருடம், நான்கு பேருக்கு நன்றாக வருகிற அளவுகளை அப்படியே ஐந்தால் பெருக்கிச் செய்தேன். சோறு குழைந்து கூழாகிவிட்டது. கோழிக் குழம்பில் உப்பு கரித்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த முறை 14 வகை எழுதி வைத்திருக்கிறேன், எண்ணெயில் பொரிப்பவை மூன்றும், எங்கேயோ பார்த்துப் பிடித்துப்போன ஒரு புது இனிப்பும் அதில் உண்டு. அடுப்பில் இரண்டு பர்னர்தான், ஃப்ரிட்ஜ் ஒன்று. மூன்று பேர் சைவம், மாமியாருக்குச் சர்க்கரை நோய், நாத்தனார் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. எதை எப்போது தொடங்குவது, எவ்வளவு வாங்குவது? உதவி செய்கிறேன் என்று சமையலறைக்குள் வருகிறவர்களை என்ன செய்வது?

பதில்:

சகோதரி, நான்கு பேருக்கு நன்றாக வருகிறது என்றால் உங்களுக்குச் சமைக்கத் தெரியும். 22 பேருக்குச் சமைப்பது வேறு வேலை, அதை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. 26 வருடமாக விருந்துகளுக்குச் சமைக்கிறேன். நானும் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் போன வருடம் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

சோற்றுக்கு ஊற்றும் தண்ணீர் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு பங்கை அரிசி இழுத்துக்கொள்கிறது, இன்னொரு பங்கு ஆவியாகிறது. அரிசியை ஐந்து மடங்காக்கினால் அது இழுக்கும் தண்ணீரும் ஐந்து மடங்காகும். ஆவியாகும் தண்ணீர் அப்படிக் கூடாது. அது பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பெரிய பாத்திரத்தின் வாய் சின்னதைப் போல ஐந்து மடங்கு அகலமா என்ன? ஆவியாகியிருக்க வேண்டிய தண்ணீர் உள்ளேயே நின்றது, அரிசி அதையும் குடித்தது. போதாததற்கு, பெரிய பாத்திரத்தில் மேலே இருக்கும் சோற்றின் எடை கீழே இருப்பதை அழுத்தும். அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும். கூழாகாமல் என்ன செய்யும்?

குழம்பு கரித்ததும் இதே கணக்கால்தான் என்று நினைக்கிறேன். ஐந்து மடங்கு தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். எப்போதும் கெட்டிப்படும் நேரத்தில் கெட்டிப்படவில்லை. சரி, வற்றட்டும் என்று இன்னும் முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டிருப்பீர்கள். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. முழுப் பாத்திரத்துக்குப் போட்ட உப்பு குறைந்த குழம்பில் நின்றுவிட்டது. அதனால் இந்த முறை ஐந்து மடங்கு குழம்புக்குத் தண்ணீரை மூன்றரை மடங்கில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். உப்பில் பாதியை முதலில் போட்டு, மீதியைப் பதம் வந்த பிறகு சுவைத்துப் பார்த்துப் போடுங்கள். காரம், புளிப்பு இரண்டையும் முக்கால் பங்கில் நிறுத்தி வையுங்கள். கூட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும், குறைப்பதற்கு வழி கிடையாது. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று பலரும் சொல்வார்கள். கிழங்கு உப்பைத் தனியாகப் பிரித்து எடுப்பதில்லை, குழம்பின் தண்ணீரோடு சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. மீதிக் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். கரித்துவிட்டால் உப்பில்லாத எதையாவது சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி.

அடுத்தது அந்த 14 வகை. உங்கள் பட்டியலைப் படித்ததும் எனக்கு என் முதல் பெரிய வேலை ஞாபகம் வந்தது. 40 பேர், எட்டு வகை, நான்கு அடுப்பு. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எனக்குக் கைவந்த சமையல்தான். ஆனால் எட்டுமே பரிமாறும் நேரத்தில் சூடாக இருக்க வேண்டியவை என்பது மாலை ஆறு மணிக்குத்தான் உறைத்தது. ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றி, அது ஆறிப்போனது என்று திரும்பவும் ஏற்றி, ஒன்பதரைக்குப் பந்தி வைத்தேன். அன்றிலிருந்து பட்டியல் போடும்போது அடுப்பை எண்ணாமல் ஒரு வகையும் எழுதுவதில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை பாத்திரத்துக்கு நெருப்பு வேண்டும் என்பதுதான் உங்கள் மெனுவைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு பர்னருக்கு ஆறு வகை தாராளம். கோழிக் குழம்பு, சைவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக ஒரு காய்கறிக் குழம்பு, சோறு, ஒரு காய் வதக்கல், ஒரு சாலட், குளிர வைத்துப் பரிமாறும் ஒரு இனிப்பு. உங்கள் பட்டியலில் எண்ணெயில் பொரிப்பவை மட்டும் மூன்று இருக்கின்றன. மூன்றையும் அடித்துவிடுங்கள். 22 பேருக்குப் பொரிப்பது என்றால் ஒருவர் முழு நேரமும் சட்டி அருகில் நிற்க வேண்டும். அவசரத்தில் ஒரே தடவையில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, போட்டதெல்லாம் எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று வரும். பொரித்தது இல்லாமல் பண்டிகையா என்று கேட்பவர் இருந்தால், ஒரு வகையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. ஆனால் எங்கே வாங்கினாலும் என்ன எண்ணெயில் பொரித்தது, அதே சட்டியில் வேர்க்கடலை சேர்ந்தது பொரித்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேண்டாம்.

அப்புறம், எங்கேயோ பார்த்துப் பிடித்துப்போன அந்தப் புது இனிப்பு. அதைப் பண்டிகையன்று முதன்முறையாகச் செய்யாதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

அளவுக்கு வருவோம். ஒரு குழந்தையை அரை ஆளாக எண்ணினால் உங்கள் 22 பேர் 19 ஆள் கணக்கு. வேறு வகைகளும் இருப்பதால் ஆளுக்கு 80 கிராம் அரிசி போதும், மொத்தம் ஒன்றரை கிலோ. அசைவம் சாப்பிடுபவர்கள் 13 பெரியவர்கள், 6 குழந்தைகள். 16 ஆள் கணக்கில், எலும்போடு ஆளுக்கு 225 கிராம் என்றால் கோழி மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். காய்கறிக் குழம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். சைவர்கள் மூன்று பேர்தானே என்று மூன்று பேருக்கு வைத்தால், முதலில் பரிமாறிக்கொள்பவர்கள் அதை முடித்துவிடுவார்கள், அந்த மூன்று பேரும் சாலட்டோடு எழுந்துபோக வேண்டியதாகிவிடும். எல்லோருக்கும் வைங்கள், அதற்கென்று தனிக் கரண்டியும் வைங்கள்.

இப்போது நேரம். சாப்பாடு இரவு 8 மணி என்று வைத்துக்கொள்கிறேன். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பெரிய பாத்திரம் கொதிக்க எவ்வளவு நேரமாகும் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அதே அடுப்பு, அதே நெருப்பு, ஐந்து மடங்கு தண்ணீர் என்றால் கொதி வரவும் ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரம் ஆகும். வீட்டில் எப்போதும் ஆறு நிமிடத்தில் கொதிப்பது அன்றைக்கு அரை மணி நேரம் எடுக்கும்.

ஆகவே இரண்டு குழம்பையும் இனிப்பையும் முதல் நாளே செய்து முடித்துவிடுங்கள். குழம்பு ஒரு இரவு நின்றால் சுவை கூடத்தான் செய்யும். குளிர வைக்கும் இனிப்பை மட்டும் சூடாக இருக்கும்போது சுவைத்துச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். குளிர்ந்ததும் இனிப்பு நாக்கில் குறைவாகத் தெரியும், கெட்டியாகவும் ஆகும். ஒரு கரண்டியைத் தனியாகக் குளிர வைத்துச் சுவைத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பண்டிகையன்று காலையில் முதல் வேலையாக சாலட் காய்களை நறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். உப்பும் புளிப்பும் சாப்பிடும்போது சேர்த்தால் போதும், முன்பே சேர்த்தால் தண்ணீர் விட்டுவிடும். வதக்கலுக்கான காயை மதியம் முக்கால் வேக்காட்டில் எடுத்து, பரப்பி ஆறவிட்டு, அதையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐந்தரை மணிக்குள் சமையலறையைத் துடைத்து, நீங்கள் குளித்து உடுத்திக்கொண்டு தயாராகிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு குளிக்கலாம் என்று நினைப்பவர்கள் அன்றைக்குக் குளிப்பதே இல்லை.

ஆறேகாலுக்கு ஒரு பர்னரில் கோழிக் குழம்பு, இன்னொன்றில் பாதி அரிசிக்கான உலை. சோற்றை இரண்டு தடவையாக, முக்கால் கிலோ முக்கால் கிலோவாக, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்துவிடுங்கள். வடிப்பதில் அந்த ஆவிக் கணக்கே கிடையாது, பதம் வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். பெரிய அளவுக்கு அதைவிடப் பாதுகாப்பான முறை எனக்குத் தெரியாது. ஏழு மணிக்கு முதல் சோறும் கோழியும் இறங்கிவிடும். இரண்டையும் மூடி, தடித்த துணியால் சுற்றி வைத்தால் நிறைய இருப்பதால் சட்டென்று ஆறாது. உடனே இரண்டாவது உலையும் காய்கறிக் குழம்பும் அடுப்பேறட்டும். ஏழே முக்காலுக்கு அவை இறங்கியதும் ஒரு பர்னரில் காயை வதக்குங்கள், பத்து நிமிட வேலை. இன்னொன்றில் கோழியை மறுபடி ஒரு கொதி விட்டால் எட்டு மணி. ஒரே இரவு ஃப்ரிட்ஜில் இருந்த குழம்பு கெட்டியாகியிருக்கும், இளக்குவதற்கு வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். சூடானதா என்று பார்க்க ஓரத்தில் வரும் குமிழியை நம்பாதீர்கள். அடிவரை கிளறி, நடுவிலும் கொப்பளிக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ்.

முதல் சோறு ஏழு மணிக்கே தயாராகிவிடுவதில் ஒரு நல்லது இருக்கிறது. ஆறு குழந்தைகளையும் ஏழேகாலுக்கே உட்கார வைத்துவிடலாம். பசித்த குழந்தைகள் எட்டு மணிவரை பொறுக்காது.

மாமியாருக்கும் இந்த ஏழேகால் தேவைப்படலாம். சர்க்கரை நோய் என்றதும் எல்லோரும் இனிப்பைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை நேரத்தைப் பற்றி. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள், மருந்தைப் போட்டுக்கொண்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பண்டிகை வீட்டில் எட்டு மணி என்றால் ஒன்பது என்று அர்த்தம், அது நமக்குத் தெரியும். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குத் தட்டைக் கொடுத்துவிடுங்கள். இனிப்பைச் சின்னக் கிண்ணங்களில் வையுங்கள், கூடவே நறுக்கிய பழமும் இருக்கட்டும். எது எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்வார். எல்லோர் எதிரிலும் ‘உங்களுக்கென்று சர்க்கரை போடாமல் தனியாகச் செய்திருக்கிறேன்’ என்று ஒரு கிண்ணத்தை நீட்டினால் பலருக்கும் மனம் சுருங்கிவிடும். சோறும் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறந்துவிட்டு இனிப்பை மட்டும் ஒளித்து வைப்பதில் பெரிய பயனும் இல்லை.

வேர்க்கடலை விஷயத்தில் மட்டும் நடுவழி கிடையாது. ஒரு வகையில் மட்டும் கடலை இருக்கிறது, பையனுக்கு அதைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குள் போய்வர ஒரு நொடி போதும். சிலருக்குத் துளி பட்டாலே மூச்சு அடைத்துவிடும். அந்த இரவு முழுச் சமையலிலும் வேர்க்கடலையும் கடலை எண்ணெயும் இல்லாமல் செய்யுங்கள். முந்தின நாள் மிக்ஸி ஜாரில் கடலை அரைத்திருந்தால் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பொட்டலப் பொருள்களின் லேபிளையும் படியுங்கள். நாத்தனாரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: வேறு எந்தக் கொட்டை வகையும் அவனுக்கு ஒத்துக்கொள்ளாதா? அவசர ஊசி மருந்து கையோடு கொண்டுவருகிறார்களா? விருந்தினர் யாராவது தின்பண்டம் வாங்கி வருவார்கள், அவர்களுக்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி நான் எங்கே போனாலும் பேசி அலுப்பூட்டும் விஷயம்: சமைத்ததை ஆறவைப்பது. ஒரு தடவை இரவு பத்து மணிக்குப் பெரிய அண்டா நிறையக் குழம்பை இறக்கி, மூடி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் அடுப்பில்லாமலே குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அத்தனையும் சாக்கடைக்குப் போனது. குமிழி விட்டதால் எனக்குத் தெரிந்தது. பல நேரம் வாசனையும் மாறாது, ருசியும் மாறாது.

கொதித்ததில் எல்லாக் கிருமியும் செத்துவிடாது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்று ஒன்று உண்டு. அதன் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும், பிறகு குழம்பு மெதுவாக ஆறும்போது வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். 60 டிகிரிக்கு மேலே இருக்கட்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே போகட்டும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் புழுங்கும் நாளென்றால் ஒரு மணி நேரம்தான். முதல் நாள் குழம்பை இறக்கியதும், பாத்திரத்தைச் சிங்க்கில் ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்தி அரை மணி நேரம் அவ்வப்போது கிளறுங்கள். பிறகு ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பெரிய அண்டாவைச் சூடாகத் தூக்கி உள்ளே வைத்தால்தான் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துச் சூடாக்கிவிடும். இதற்கெல்லாம் இடம் வேண்டுமே என்பீர்கள். குளிர்பானப் பாட்டில்களை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியேற்றி ஒரு வாளியில் ஐஸோடு வையுங்கள். பாதி ஃப்ரிட்ஜ் காலியாகிவிடும்.

கோழி உறைந்ததாக இருந்தால் சமைப்பதற்கு இரண்டு நாள் முன்பே ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கீழே ஒரு தட்டு வைத்து இறக்கிவிடுங்கள். இரண்டு, இரண்டரை கிலோ இளக ஒரு முழு நாள் ஆகும். சமையல் மேடையில் வெளியே வைத்து இளக்க வேண்டாம். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவதால் கிருமி போவதில்லை, தெறிக்கும் தண்ணீரோடு சிங்க்கைச் சுற்றிப் பரவத்தான் செய்யும். கழுவாமல் எப்படி என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கழுவினால் குழாயை மெல்லத் திறங்கள், பக்கத்தில் சாலட் காய் இருக்க வேண்டாம், முடித்ததும் சிங்க்கைத் தேய்த்துவிடுங்கள்.

உதவிக்கு வருகிறவர்கள். ‘ஏதாவது செய்யட்டுமா’ என்று கேட்பவரிடம் ‘ஒன்றுமில்லை, நீங்கள் உட்காருங்கள்’ என்றுதான் நம் வாயில் வரும். அவர்கள் உட்காரவும் மாட்டார்கள், கதவை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும். ஒருவருக்குத் தண்ணீரும் குளிர்பானமும், ஒருவருக்குத் தட்டு, டம்ளர், ஒருவருக்குக் குழந்தைகளின் பந்தி. காலிப் பாத்திரங்களை அவ்வப்போது கழுவுவது உங்கள் வீட்டுக்காரருடைய வேலை, அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாமியார் ‘குழம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வந்தால் இனிப்பை அவர் பொறுப்பில் விட்டுவிடலாம். முதல் நாள் வேலை, அவசரமில்லை, பாராட்டும் அதற்குத்தான் அதிகம் வரும். ஏழு முதல் எட்டு மணிவரை மட்டும் அடுப்பருகில் உங்களைத் தவிர ஒருவர்தான் இருக்கலாம். உப்பைச் சுவைத்துப் பார்ப்பதும் நீங்கள் ஒருவர் மட்டும்தான். இரண்டு பேர் உப்பு போட்ட குழம்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவு எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது மீந்ததை எடுத்து வைத்துவிடுங்கள், தூங்கப் போகும்முன் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சோற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வெளியே கிடக்கும் சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. ஃப்ரிட்ஜில் வைத்ததை மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பை மூன்று மடங்கு மட்டும் வைத்துப் பாருங்கள். அதே பெரிய பாத்திரம், அதே அடுப்பு. எவ்வளவு தண்ணீரில் பதம் வந்தது, கொதிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று இரண்டு வரி எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.